சிறு குழந்தைகளுக்கு இளநரை: பெற்றோர் அறிய வேண்டியவை

ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகள் இளநரைக்காக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டனர். அவர்கள் யாரென அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி, அவ்விருவரைப் பற்றி இங்கே கூறுகிறோம்.

முதலாவது, எட்டு வயதுச் சிறுவன். வகிட்டின் அருகே ஐந்தாறு வெள்ளை முடிகள். அவற்றை எண்ணிப் பார்ப்பது அவ்வீட்டில் அன்றாட வழக்கமாகிவிட்டிருந்தது. பித்தம் என்றார் பாட்டி. ஷாம்புதான் காரணம் என்றனர் பக்கத்து வீட்டினர். தாம் சரியாக உணவூட்டவில்லையோ என்று தாய் தம்மையே நொந்துகொண்டார். தந்தையிடம், “உங்களுக்கு எந்த வயதில் நரைக்கத் தொடங்கியது?” என்று கேட்டோம். பள்ளி இறுதி வகுப்பிலேயே தொடங்கியதாகவும், தம் அண்ணனுக்கும் அவ்வாறே எனவும் கூறினார். சிறுவன் வயதுக்கேற்ற உயரமும் எடையும் கொண்டு, ஓடியாடி விளையாடுபவனாக இருந்தான். பரிசோதனையில் எக்குறையும் தென்படவில்லை.

இரண்டாவது, பத்து வயதுச் சிறுமி. தலை முழுவதும் நரை பரவியிருந்தது. எஞ்சிய முடியும் கருமை மங்கியிருந்தது. ஓராண்டாகத் தேய்த்து வந்த நான்கு வகை எண்ணெய்களின் பெயர்களைப் பெற்றோர் வரிசையாகக் கூறினர். ஆனால் மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குவதும், பள்ளிவிட்டு வந்ததும் அவள் படுத்துவிடுவதும் நாங்கள் கேட்ட பிறகே தெரியவந்தன. அவற்றைச் சோம்பல் என்று வீட்டில் எண்ணியிருந்தனர். அவளுடைய விரல் கணுக்கள் கருத்திருந்தன. நாக்கு சிவந்து வழுவழுப்பாக இருந்தது. இரத்தப் பரிசோதனையில் சோகையும், வைட்டமின் பி12 மிகக் குறைந்திருப்பதும் வெளிப்பட்டன.

இருவரும் வந்தது ஒரே குறைக்காக. ஒருவனுக்கு மருந்தே தேவையில்லை. மற்றவளுக்கோ ஓராண்டுக்கு முன்பே சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். குழந்தையின் தலையில் நரையைக் காணும் பெற்றோருக்கு நாங்கள் கூற விரும்புவது இதுவே: முடியை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், குழந்தையை முழுமையாகப் பாருங்கள்.

எது இளநரை?

மனிதர் அனைவருக்கும் ஒரே வயதில் நரை தொடங்குவதில்லை. ஐரோப்பிய மரபினருக்கு 20 வயதுக்கு முன்பும், ஆசிய மரபினருக்கு 25 வயதுக்கு முன்பும், ஆப்பிரிக்க மரபினருக்கு 30 வயதுக்கு முன்பும் தோன்றும் நரையை இளநரை என மருத்துவ நூல்கள் வரையறுக்கின்றன. எனவே நம் நாட்டில் கல்லூரி மாணவர் ஒருவருக்கு நரை தோன்றினாலும் அது இளநரையே. பள்ளிச் சிறுவர்களிடமும் அது அரிதன்று. ஆயினும் வயது குறையக் குறைய, குறிப்பாகப் பள்ளி செல்லும் வயதுக்கு முன்பே தோன்றினால், ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நலம்.

அதற்கு முன், நீங்கள் காண்பது நரைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நரை என்று எண்ணி அழைத்து வரப்படும் சில குழந்தைகளின் தலையில் இருப்பது ஈர். அதாவது பேன் முட்டை. அது முடியின் ஒரு புள்ளியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈர்க்கொல்லிச் சீப்பால் வாரினால் வரும். பொடுகு, உதறினால் உதிர்ந்துவிடும். நரைத்த முடியோ வேர் அல்லது இடைப்பகுதி தொடங்கி நீளவாக்கில் வெண்மையாக இருக்கும். வெயிலிலும் நீச்சல் குளத்திலும் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளுக்கு முடியின் நுனி மட்டும் செம்பட்டையாவது உண்டு. வேர்ப்பகுதி கருமையாக இருந்தால் அது பெரும்பாலும் கவலைக்குரியதன்று. வேர் முதலே முடி செம்பட்டையாகி, மெலிந்து, எளிதில் உதிருமானால் அது ஊட்டக்குறையின் அடையாளமாக இருக்கலாம்.

முடிக்கு நிறம் எவ்வாறு கிடைக்கிறது?

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்குள் புதைந்த மயிர்க்காலிலிருந்து முளைக்கிறது. அம்மயிர்க்காலின் அடியில் மெலனோசைட் எனப்படும் நிறமி அணுக்கள் உள்ளன. அவை மெலனின் என்னும் நிறமியை உருவாக்கி, வளர்ந்துவரும் முடிக்குள் செலுத்துகின்றன. மெலனினில் இருவகை உண்டு. ஒன்று கறுப்பும் பழுப்பும் தருவது, மற்றொன்று செம்மையும் மஞ்சளும் தருவது. நம்மவர் முடியில் முதல்வகையே மிகுதி.

ஒரு முடி சில ஆண்டுகள் வளர்ந்து, பின் ஓய்ந்து, உதிர்ந்து, அதே மயிர்க்காலிலிருந்து மீண்டும் முளைக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் புதிய நிறமி அணுக்கள் தேவை. அவற்றைத் தருவதற்காக மயிர்க்காலின் மேற்பகுதியில் மூல அணுக்களின் இருப்பு ஒன்று உள்ளது. அவ்விருப்பு தீர்ந்தாலோ, அணுக்கள் உரிய இடத்துக்கு வந்து சேராவிட்டாலோ, அடுத்து முளைக்கும் முடி வெண்மையாகும். நரைத்த முடியில் ஹைட்ரஜன் பெராக்சைடு தேங்குவதையும், அதைச் சிதைக்கும் நொதி குறைந்திருப்பதையும் 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது நிறமி உருவாவதற்கான சூழலே மயிர்க்காலுக்குள் கெடுகிறது.

இதிலிருந்து பெற்றோர் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடி உயிரற்றது. அதன்மேல் எதைத் தடவினாலும் அதற்குள் நிறமி உருவாகாது. மாற்றம் நிகழ வேண்டுமானால் அது வேரில்தான் நிகழ வேண்டும். இரண்டாவது, முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளர்கிறது. சத்துக் குறையைச் சரிசெய்து நிறம் திரும்பினாலும், அது கண்ணுக்குத் தெரியப் பல மாதங்கள் ஆகும். “ஒரே மாதத்தில் கருமை” என்று வாக்களிக்கும் எப்பொருளும் ஒன்று சாயமாக இருக்கும். அன்றேல் வெறும் வாக்காக இருக்கும்.

மிகுதியான காரணம்: பரம்பரை

நரையைத் தவிர வேறெக்குறையும் இல்லாத குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் குடும்ப வழியே. தாய், தந்தை, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை எனக் குடும்பத்தில் ஒருவருக்கேனும் இளவயதில் நரை தோன்றியிருக்கும். சாயமிட்டு மறைத்த பெரியவர்கள் அதை எளிதில் கூறமாட்டார்கள். ஆகவே பழைய புகைப்படங்களையும் பார்க்கச் சொல்கிறோம். நரைக்கும் வயதோடு தொடர்புடைய ஐஆர்எஃப்4 என்னும் மரபணுவை 2016ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். மரபணுக்களின் பங்கை அது மேலும் உறுதிப்படுத்தியது.

இவ்வகை நரை நோயன்று. உடலின் மற்ற உறுப்புகள் முதுமை அடைந்துவிட்டதாகவும் பொருளன்று. தாய் கருவுற்றிருந்தபோது உண்ட உணவோ, குழந்தைக்குத் தேய்த்த எண்ணெயோ இதற்குக் காரணமல்ல. தாய்மார்கள் தம்மையே குற்றஞ்சாட்டிக்கொள்வதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அதற்கு எவ்வித அடிப்படையும் இல்லை.

சரிசெய்யக்கூடிய காரணங்கள்

எண்ணிக்கையில் குறைவாயினும் மிகுந்த கவனத்துக்குரியவை இவையே. ஏனெனில் இங்கு நரை ஓர் அறிவிப்பு மட்டுமே. உண்மையான பாதிப்பு உடலுக்குள் நிகழ்கிறது.

வைட்டமின் பி12 குறைபாடு: இரத்த அணுக்கள் உருவாகவும், நரம்புகளும் மூளையும் செவ்வனே இயங்கவும் பி12 தேவை. குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் ஒன்று முதல் இரண்டு மைக்ரோகிராம் மட்டுமே. ஆனால் அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி போன்ற விலங்குவழி உணவுகளிலேயே இயற்கையாகக் கிடைக்கிறது. முருங்கைக்கீரையிலும் பேரீச்சையிலும் வேறு நற்சத்துகள் உண்டு, பி12 இல்லை. புளித்த இட்லி மாவிலிருந்து போதிய பி12 கிடைக்கும் என்று நம்பியிருப்பதும் சரியன்று. சைவ உணவு உண்ணும் வீடுகளில், பாலும் தயிரும் விரும்பாத குழந்தைக்கு இக்குறைபாடு எளிதில் ஏற்படும். சோர்வு, வெளிறிய தோற்றம், விரல் கணுக்கள் கருத்தல், நாக்குப் புண், கைகால் மதமதப்பு, கவனக்குறைவு, படிப்பில் பின்னடைவு ஆகியவை இதன் அறிகுறிகள்.

கைக்குழந்தைகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. தாய்க்கு பி12 குறைவாக இருந்தால் தாய்ப்பாலிலும் குறைவாகவே இருக்கும். அத்தகைய குழந்தை வெளிறி, முடி மெலிந்து செம்பட்டையாகி, முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, உட்காருவது போன்ற வளர்ச்சிப் படிகளில் பின்தங்கும். ஏற்கெனவே கற்றதையும் மறக்கும். சிலருக்குக் கைகால் நடுக்கமும் தோன்றும். இது அவசரமாகச் சிகிச்சை அளிக்க வேண்டிய நிலை. தாமதித்தால் மூளை வளர்ச்சியில் நிலையான குறை ஏற்படக்கூடும். இதன் பொருள் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்பதன்று. தாய்க்கும் சேய்க்கும் ஒருசேரச் சிகிச்சை வேண்டும் என்பதே.

இரும்புச்சத்துக் குறைவு: 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை உள்ளது. அவர்கள் அனைவருக்கும் நரைப்பதில்லை. ஆயினும் இளநரை உள்ளவர்களிடம் இரும்புச்சத்தின் இருப்பு குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. மண், சாக்பீஸ், பச்சரிசி ஆகியவற்றைக் குழந்தை விரும்பித் தின்றால் இதனை ஐயுற வேண்டும்.

புரதமும் தாமிரமும்: கடும் புரதக்குறையால் உடல் வீங்கும் குவாஷியார்கர் நோயில் முடி நிறம் மங்கும். உணவு கிடைத்த காலத்தில் கருமையாகவும் கிடைக்காத காலத்தில் வெளிறியும் வளர்வதால், ஒரே முடியில் பட்டை பட்டையாக நிறம் மாறிக் காணப்படும். இதைக் கொடி அடையாளம் என்பர். மெலனினை உருவாக்கும் நொதி இயங்கத் தாமிரம் தேவை. நீண்டகால வயிற்றுப்போக்கும் குடல் உறிஞ்சுதல் குறைவும் உள்ள குழந்தைகளுக்கு அது குறையக்கூடும்.

தைராய்டு சுரப்புக் குறைவு: உயரம் கூடாமை, மலச்சிக்கல், வறண்ட தோல், குளிர் தாங்காமை, மந்தம் ஆகியவை உடனிருந்தால் தைராய்டு பரிசோதனை அவசியம்.

மருந்துகள்: மலேரியாவுக்கும் சில மூட்டு நோய்களுக்கும் தரப்படும் குளோரோகுவின் போன்ற மருந்துகளால் முடி வெளிறலாம், மருந்து நிறுத்தப்பட்டபின் பொதுவாக நிறம் திரும்பும். ஆனால் மருத்துவரைக் கேளாமல் எம்மருந்தையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

ஒரே இடத்தில் வெண்கொத்து

தலை முழுவதும் ஆங்காங்கே தோன்றும் நரை வேறு. ஓரிடத்தில் மட்டும் கொத்தாக வெண்மை தோன்றுவது வேறு. இவ்விரண்டாவது நிலையில் அவ்விடத்துத் தோலையும் சேர்த்து ஆராய வேண்டும்.

தோலிலும் வெண்மை படர்ந்திருந்தால் அது வெண்புள்ளி நோயாக இருக்கலாம். அது தொற்றுநோயன்று, தொழுநோயுமன்று. புழுவெட்டு வந்து வழுக்கையான இடத்தில் மீண்டும் முளைக்கும் முடி தொடக்கத்தில் வெண்மையாக இருப்பது இயல்பு. பெரும்பாலும் பின்னர் கறுக்கும்.

பிறவியிலேயே நெற்றியின் மேல் வெண்கொத்து இருந்தால் குழந்தையின் செவித்திறனைத் தவறாமல் சோதிக்க வேண்டும். டச்சு நாட்டுக் கண் மருத்துவர் வார்டன்பர்க் 1951ஆம் ஆண்டில் விவரித்த பரம்பரைக் குறைபாட்டில் வெண்கொத்து, நிறம் மாறிய கண்கள், பிறவிச் செவிட்டுத்தன்மை ஆகியவை சேர்ந்து காணப்படுகின்றன. செவிக்குள்ளும் நிறமி அணுக்கள் பணிபுரிவதே இத்தொடர்புக்குக் காரணம். காது கேளாமை முதல் சில மாதங்களிலேயே கண்டறியப்பட்டால், உரிய கருவியும் பயிற்சியும் பெற்று அக்குழந்தை பேசக் கற்கும். வெண்கொத்தை “அதிர்ஷ்டக் குறி” என்று கொண்டாடி, காதைச் சோதிக்காமல் விட்டால் அவ்வாய்ப்பு கைநழுவிப் போகும்.

வெண்கொத்துடன் உடலில் இலை வடிவ வெளிறிய தழும்புகளும் வலிப்பும் இருந்தால், மூளை நரம்பியல் பரிசோதனை தேவை.

கைக்குழந்தைக்கு வெள்ளி நிற முடி

மிக அரிதாயினும் இதை அறிந்திருப்பது நன்று. பிறந்த சில மாதங்களிலேயே முடி முழுவதும் வெள்ளிபோல் மினுங்கி, அடிக்கடி காய்ச்சலும் சளித்தொற்றும் வந்து, வயிறு வீங்கியிருந்தால் அது நோய் எதிர்ப்பாற்றலைப் பாதிக்கும் பரம்பரை நோயாக இருக்கக்கூடும். கிரிசெல்லி, செடியாக்–ஹிகாஷி என்பவை அத்தகையவை. ஒரே ஒரு முடியை நுண்ணோக்கியில் பார்த்தாலே நிறமி திட்டுத் திட்டாகத் தேங்கியிருப்பது புலப்படும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரும்போதே இந்நோய்கள் தோன்றுவதால், தாய்மாமன், அத்தை மகன் போன்ற இரத்த உறவில் மணந்தவர்களின் குழந்தைகளிடம் இவற்றுக்கான வாய்ப்பு கூடுதல். காலந்தாழ்த்தாமல் கண்டறிந்தால் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு வழியுண்டு.

மனக்கவலையால் நரைக்குமா?

ஆண்டுகள் பலவாகியும் தமக்கு ஏன் நரைக்கவில்லை என்பதற்குப் பிசிராந்தையார் கூறும் விடை புறநானூற்றின் 191ஆம் பாடலாக உள்ளது. நல்ல மனைவி மக்கள், குறிப்பறிந்து பணிபுரிவோர், முறை தவறாத அரசன், ஊரில் நிறைந்த சான்றோர் என அவர் காட்டும் காரணங்கள் யாவும் கவலையற்ற வாழ்வைக் குறிப்பவை. அறிவியலும் இத்தொடர்பை ஆராய்ந்துள்ளது. கடும் அழுத்தத்துக்கு உள்ளான எலிகளின் நரம்பு முனைகளில் சுரக்கும் நார்அட்ரினலின், நிறமி மூல அணுக்களின் இருப்பைத் தீர்த்துவிடுவதை 2020ஆம் ஆண்டில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் எலிகளில் கண்டதை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்திவிட இயலாது. தேர்வுப் பயத்தால்தான் உங்கள் குழந்தைக்கு நரைத்தது என்று எவராலும் உறுதி கூற முடியாது. நரையால் குழந்தைக்குக் கவலை வருவதோ நாங்கள் அன்றாடம் காணும் உண்மை.

மருத்துவமனையில் நாங்கள் செய்வது

முதலில் குடும்ப வரலாறு, உணவுப் பழக்கம், வளர்ச்சி, படிப்பு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கேட்போம். உயரமும் எடையும் அளந்து, தோல், நகம், நாக்கு, கண், கழுத்து ஆகியவற்றைப் பார்ப்போம். நரை ஓரிரண்டே ஆகி, குடும்பத்தில் இளநரை இருந்து, குழந்தை நலமாக இருந்தால் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். ஐயம் இருந்தால் இரத்த அணுக்களின் எண்ணிக்கை, பி12, இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய சில பரிசோதனைகள் போதும். அனைவருக்கும் அனைத்துப் பரிசோதனைகளும் தேவையில்லை.

முடிக்கென விற்கப்படும் மாத்திரைகள் எவற்றையேனும் குழந்தைக்குக் கொடுத்திருந்தால் மறவாமல் கூறுங்கள். அவற்றில் பெரும்பாலும் பயோட்டின் மிகுதியாக இருக்கும். அது தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். அவ்வாறே பி12 குறைந்துள்ள ஒருவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் தரப்பட்டால், சோகை குறைந்ததுபோல் தோன்றும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும். எனவே காரணம் அறியாமல் சத்து மாத்திரை வாங்கித் தருவது நன்மையைவிடத் தீமையே பயக்கலாம்.

பரம்பரை நரையைக் கருமையாக்கும் உறுதியான மருந்து இன்றுவரை இல்லை. கால்சியம் பான்டோதெனேட் என்னும் மாத்திரை சிலருக்குத் தரப்படுவதுண்டு; அதன் பயன் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. சத்துக்குறையால் வந்த நரையில் சிகிச்சைக்குப்பின் நிறம் திரும்ப வாய்ப்புண்டு. ஆனால் எல்லோருக்கும் திரும்பும் என்று உறுதியளிக்க இயலாது. அச்சிகிச்சையின் முதல் நோக்கம் முடியன்று. குழந்தையின் இரத்தமும் நரம்புகளும் மூளையுமே.

செய்யத் தகாதவை

சாயம் பூசாதீர்கள். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாரா ஃபீனைலின் டையமீன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அது கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் வாழ்நாள் முழுவதும் நீடிக்கலாம். முடிச்சாயங்களை 16 வயதுக்குட்பட்டோர் பயன்படுத்தலாகாது என ஐரோப்பிய நாடுகளில் அப்பெட்டிகளிலேயே எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. “கறுப்பு மருதாணி” என விற்கப்படும் பொடியிலும் இதே வேதிப்பொருள் கலந்திருக்கக்கூடும்.

பெரியவர்களின் சாயப் பொட்டலத்தையும் புட்டியையும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தவறி விழுங்கினால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைபடும். தசைகள் சிதைந்து, சிறுநீர் கருத்து, சிறுநீரகம் செயலிழக்கும். ஐயம் எழுந்த உடனேயே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108 அவசர ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு வாருங்கள். வீக்கம் தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம்.

தூய மருதாணி இலை பெரும்பாலான பெரிய குழந்தைகளுக்குத் தீங்கற்றது. ஆனால் ஜி6பிடி என்னும் நொதிக்குறை உள்ள குழந்தைகளுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, அது தோல்வழி ஊடுருவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை வரவழைக்கலாம்.

நரைமுடியைப் பிடுங்காதீர்கள். ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது உண்மையன்று. ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனி. ஆனால் பிடுங்கிய இடத்தில் மீண்டும் நரைமுடியே முளைக்கும். தொடர்ந்து பிடுங்கினால் சீழ்க்கொப்புளமும் தழும்பும் ஏற்படலாம். மிகவும் உறுத்தலாகத் தோன்றினால் கத்தரிக்கோலால் வேரருகே நறுக்கிவிடுவது போதும்.

தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலைவாருவதில் தவறேதும் இல்லை. முடி வறளாமல் இருக்கும். கறிவேப்பிலையும் நெல்லிக்காயும் நல்ல உணவுகளே, தாராளமாகத் தரலாம். அவை நரையைக் கருமையாக்கும் என்று நம்பி, மருத்துவரிடம் வரும் நாளைத் தள்ளிப்போடுவதே தவறு.

உணவில் கவனம்

சைவ உணவு உண்ணும் குழந்தைக்கு நாள்தோறும் இரண்டு தம்ளர் பால், அல்லது அதற்கு ஈடான தயிர் தாருங்கள். முட்டை உண்ணும் வழக்கமிருந்தால் பள்ளிச் சத்துணவில் வழங்கப்படும் முட்டையைக் குழந்தை ஒதுக்காமல் உண்கிறதா எனக் கேட்டறியுங்கள். மீனும் இறைச்சியும் பி12, இரும்பு இரண்டையும் தருபவை. கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றுடன் எலுமிச்சை, கொய்யா, நெல்லி போன்றவற்றைச் சேர்த்து உண்டால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். உணவோடு தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். பாலும் அளவோடு இருத்தல் வேண்டும். சிறு குழந்தை அரை லிட்டருக்கு மேல் பாலையே குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டால் இரும்புச்சத்துக் குறைவு ஏற்படும். பாலும் முட்டையும் இறைச்சியும் அறவே தவிர்க்கும் குடும்பங்களில் பி12 மருந்தாகவே தரப்பட வேண்டும். அளவை மருத்துவர் கூறுவார்.

குழந்தையின் மனம்

“தாத்தா”, “கிழவி” என்று வகுப்பில் அழைக்கப்படும் குழந்தை அதை வீட்டில் சொல்லாமலே இருக்கலாம். பள்ளி செல்ல மறுப்பது, எந்நேரமும் தொப்பி அணிவது, புகைப்படத்துக்கு நிற்க மறுப்பது ஆகியவை அதன் குறிகள். பள்ளியில் தொடங்கும் இக்கேலியை வீட்டிலும் நாம் அறியாமலே தொடர்கிறோம். வரும் விருந்தினர்க்கெல்லாம் குழந்தையின் தலையைத் தடவி நரையைக் காட்டுவதும், அதன் எதிரிலேயே “நாளைக்கு யார் இவளைக் கட்டுவார்கள்” என்று புலம்புவதும் கேலியைவிட ஆழமாகப் புண்படுத்தும்.

குழந்தை கேட்டால் உண்மையை எளிய சொற்களில் கூறுங்கள்: “முடிக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் சின்னஞ்சிறு அணுக்கள் உன் தலையில் சில இடங்களில் சீக்கிரம் ஓய்வெடுத்துக்கொண்டன. அப்பாவுக்கும் அப்படித்தான். இதனால் உனக்கு வலியில்லை, நோயில்லை. உன்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது.” இதே விளக்கத்தை நண்பர்களிடம் கூறவும் குழந்தையைப் பழக்கலாம். கேலி தொடர்ந்தால் வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்துப் பேசுங்கள். வேண்டுமெனில் குழந்தைக்கு நோயில்லை என மருத்துவச் சான்று தர நாங்கள் ஆயத்தமாக உள்ளோம்.

தாமதியாமல் அழைத்து வர வேண்டிய அறிகுறிகள்

நரையோடு கீழ்க்காண்பவற்றுள் ஒன்றேனும் இருந்தால், எண்ணெயோ கைமருந்தோ தேடிக்கொண்டிராமல் மருத்துவரிடம் வாருங்கள்:

1. சோர்வு, வெளிறிய தோற்றம், சிறு உழைப்புக்கும் மூச்சு வாங்குதல்.
2. விரல் கணுக்கள் கருத்தல், நாக்குப் புண், கைகால் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம்.
3. உயரமோ எடையோ கூடாமை, நீண்டகால வயிற்றுப்போக்கு.
4. கைக்குழந்தை கற்றவற்றை மறத்தல், நடுக்கம், எப்போதும் சோர்ந்து கிடத்தல்.
5. ஒலிக்குத் திரும்பாமை, பேச்சு வராமை.
6. வலிப்பு, உடலில் வெளிறிய தழும்புகள்.
7. வெள்ளி நிற முடியுடன் அடிக்கடி காய்ச்சலும் தொற்றும்.
8. சில வாரங்களுக்குள் நரை வேகமாகப் பரவுதல், அல்லது முடி கொத்தாக உதிர்தல்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட இரு குழந்தைகளுள் சிறுவனுக்கு நாங்கள் மருந்து எதுவும் எழுதவில்லை. தினமும் நரையை எண்ணுவதை நிறுத்துமாறு பெற்றோரிடம் கேட்டுக்கொண்டோம். சிறுமிக்குப் பி12 ஊசியும், பின்னர் மாத்திரையும் தரப்பட்டன. சில வாரங்களில் அவளது மூச்சிரைப்பு நீங்கியது. மாலையில் மீண்டும் விளையாடச் செல்கிறாள். எட்டு மாதங்களுக்குப்பின் அவள் முடியின் வேர்ப்பகுதி ஓரளவு கறுத்தது. நுனியில் இன்னும் நரை உள்ளது. “முடி எப்போது முழுவதும் கறுக்கும்?” என்று இம்முறை அவளுடைய தாய் கேட்கவில்லை. இரண்டு மாடி ஏறி எங்கள் அறைக்குத் தானாகவே முதலில் வந்து நின்றவள் அவள்தான் என்பதையே மகிழ்ச்சியோடு கூறினார்.